மாஸ்ரருக்கு வந்தது வலிப்பா, நிட்டையா?

கோண்டாவிலில் இருந்து ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவரை அவருடைய மனைவி என்னிடம் கூட்டிவந்தார். விடியப்புறம் தியானத்தில் இருக்கும்போது கூப்பிட்டால் கேட்பதில்லையாம். “வலிப்பாய் இருக்குமோ டொக்டர்?”

மாஸ்ரர் சிரித்தார். “அங்க நானும் இல்லை, வேற ஒண்டும் இல்லை. பிறகு வலிப்பு ஆருக்கு?”

வலிப்பா, நிட்டை என்கிற ஆழ்ந்த தியான ஒடுக்கமா என்பது நரம்பு நோய் பார்க்கும் எனக்குப் பகிடிக் கேள்வி அல்ல. ஒருவகை வலிப்பில் கை கால் உதறாது. ஆள் வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புவார், சட்டையைப் பிசைவார். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் கொஞ்ச நேரம் தடுமாற்றம். பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது, வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். மாஸ்ரருக்கோ தெரிகிறது. ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பி வந்து சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

சரி, அனுபவிக்க ஆளில்லாத இடத்தில் அனுபவம் ஏது? அந்த நேரத்திலேயே ஒரு விழிப்பு இருந்ததா, அல்லது எழும்பிய பிறகு இடைவெளியைப் பார்த்து மூளை கட்டிய கதையா? ‘சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியேன்’ என்று எழும்பிச் சொல்பவனை வைத்து வேதாந்திகள் இதே வழக்கை வெகுகாலமாக நடத்துகிறார்கள். மாஸ்ரர் சைவ சித்தாந்தி, இறைவனோடு கலந்தாலும் ஆன்மா இல்லாமற் போவதில்லை என்பவர். “இறைவன்ர தாளும் எங்கட தலையும் சேர்ந்தால் தாடலை. சொல் ஒண்டு, பொருள் ரெண்டு. ஆன்மா அழியிறேல்லை, தெரியாமல் நிக்குது” என்றார். எனக்குப் பள்ளியில் தமிழ் படிப்பித்தவர் இந்தச் சொற்புணர்ச்சியை இவ்வளவு சுவையாகச் சொல்லித்தரவில்லை.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் வாழ்ந்த ஞானி யோகர் சுவாமிகள் ‘சும்மா இரு’ என்றார். மூளைக்கு அது லேசில் வராது. நாம் சும்மா இருக்கும்போதும் அதில் ஒரு வலையமைப்பு ஓடிக்கொண்டே இருப்பதை மூளை ஆய்வாளர் மார்க்கஸ் ரைக்கிளின் குழு 2001இல் விவரித்தது. நேற்றையதையும் நாளையதையும் ‘நான்’ என்ற நூலில் கோப்பதில் அதற்குப் பெரிய பங்கு. நீண்டகாலம் தியானம் பழகியவர்களிடம் அதன் முக்கிய பகுதிகள் அடங்கியிருந்ததை இன்னோர் ஆய்வாளர் ஜட்சன் புரூவரின் குழு 2011இல் காட்டியது.

அப்ப எல்லாம் மூளையின் மாயமா? கறுத்தக்கொழும்பான் தின்னும்போதும் மூளையில் மாற்றம் தெரியும். அதற்காக மாம்பழம் பொய்யாகாது. அதேபோல, ஸ்கான் படத்தில் சிவனைத் தேடுவதும் வீண். என்னைக் கேட்டால், அனுபவம் என்றே சொல்வேன்: அதைப் பிறகு நினைவுகூர முடிகிறது, மற்றக் கணங்களில் இருந்து பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஆனால் எல்லா வெறுமையும் நிட்டை அல்ல. பகலிலும் ‘நான் நானில்லை’ என்ற உணர்வு பயத்தோடு தொடர்ந்தால் வைத்தியரிடம் வாருங்கள். வலிப்புள்ளவர்கள் தியானத்தை நம்பிக் குளிசையை நிறுத்தவோ நித்திரையைக் குறைக்கவோ வேண்டாம். நித்திரைக் குறைவே வலிப்பைக் கிளப்பிவிடும். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சரியாக வந்தாலும் வலிப்பே இல்லை என்றாகாது. மாஸ்ரருக்கும் அது சரியாகத்தான் வந்தது. ஆகவே ஒரு நாள் தியானத்தை முழுதாகப் போனில் வீடியோ எடுக்கும்படி மாஸ்ரரின் மனைவியிடம் சொன்னேன்.

கொண்டுவந்தார். இருபது நிமிடம் ஆள் அசையவில்லை. வாய் சப்பல் இல்லை, பிசைதல் இல்லை. கண்ணைத் திறந்தவர் நேரே கமராவைப் பார்த்து, “என்னப்பா, தேத்தண்ணி வைக்காமல் படம் எடுக்கிறீரோ?” என்கிறார்.