குளுக்கோஸ் பாட்டில் கேட்டு வராதீர்கள்

போன வாரம் இன்னொருவர். வயது 34, கரும்பு வெட்ட விழுப்புரம் பக்கமிருந்து வந்தவர். "டாக்டரம்மா, ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க, காலையில வெட்டுக்குப் போகணும்" என்றார். ஒன்றுக்குப் போனால் என்ன நிறம் என்று கேட்டேன். "கடுங்காப்பி மாதிரி." சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 4.1, ரொம்ப அதிகம். சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். இந்தப் பருவத்தில் இவர் மூன்றாவது ஆள்.

அந்த அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு ஸ்பூன் சீனி. மீதி வெறும் தண்ணீர். வேர்வையில் போன உப்பு அதில் துளிகூட இல்லை. "ஏத்தினதும் தெம்பா இருக்கே?" ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தீர்களே, அந்தத் தெம்பு அது! வாந்தி நிற்காதவருக்கும் மயங்கிக் கிடப்பவருக்கும் பாட்டில் வேண்டும். எதை ஏற்றுவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கேட்டதும் ஏற்றிவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

அப்புறம் அந்த வலி மாத்திரை. கடையில் கவரில் போட்டுத் தருகிறார்களே, பெயர் தெரியாத நாலு மாத்திரை, அதில் பெரும்பாலும் டைக்ளோபினாக் இருக்கும். தண்ணீர் வற்றிய உடம்பில் அது விழுந்தால் அடி சிறுநீரகத்துக்கு. மத்திய அமெரிக்க நாடுகளான நிகராகுவாவிலும் எல் சால்வடாரிலும் சர்க்கரை நோயே இல்லாத கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகுதான் அங்கே தண்ணீர், நிழல், ஓய்வு என்று வேலையையே மாற்றத் தொடங்கினார்கள்.

டன் கணக்கில் கூலி, நின்றால் நட்டம். தெரியும். அதனால்தான் குடத்தை வரப்பில் வைக்காமல் வெட்டுகிற இடத்துக்கே கொண்டுபோங்கள் என்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீராகாரம், உப்புப் போட்ட மோர், இல்லாவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீரில். ஊருணித் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். விடியலில் தொடங்கி, பதினொரு மணிக்கு நிழலுக்கு வாருங்கள். யாராவது உளறினால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். பேச்சுக் குழறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிகிறார்கள். வெட்டிய காட்டில் மறைவு ஏது? நீர்க்கடுப்போடு என்னிடம் வருவது அவர்கள்தான். தோட்டக்காரர்களே, மேஸ்திரி அண்ணன்களே, நாலு கம்பு நட்டு ஒரு தட்டி கட்டிக் கொடுங்கள். நாளைக்கே.