வேதி மாற்றம்: சொல்லுக்குள்ளேயே இருக்கும் விளக்கம்

பூசைத் தட்டில் ஒரு கற்பூர வில்லையைத் திறந்தபடி வைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். இளைத்திருக்கும். தட்டில் ஈரம் இருக்காது, ஆனால் அறையில் கற்பூர வாசனை இருக்கும். கற்பூரம் கற்பூரமாகவே காற்றில் கலந்திருக்கிறது. அந்த ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் மறுபடி வெள்ளைத் துகளாகப் படியும். இது இயற்பியல் மாற்றம். அதே வில்லையைக் கொளுத்தினால் கரியமில வாயு, நீராவி, கொஞ்சம் புகைக்கரி. எதைக் குளிரவைத்தாலும் கற்பூரம் வராது. இது வேதி மாற்றம்.

இலங்கையில் இவற்றைப் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்பார்கள். இரசாயனம் வடசொல், இரசம், அயனம் இரண்டும் சேர்ந்தது. ஆயுர்வேதத்தில் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்துக்கு அந்தப் பெயர். இன்று "ரசாயனம் கலந்த காய்கறி" என்றால் விஷம் என்றே காதில் விழுகிறது. பாவம், அந்தச் சொல்! குடிக்கிற தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்தானே.

'வேதி' என்பது 'வேதித்தல்' என்ற வினையிலிருந்து வருகிறது. ஒரு பொருளை வேறு பொருளாக ஆக்குவது என்று அர்த்தம். திருமந்திரத்தில் 'பரிசன வேதி' வருகிறது. பட்டதையெல்லாம் பொன்னாக்குவது அது. பரிசனம் என்றால் தொடுதல். செம்பைப் பொன்னாக்குவது உண்மையில் வேதியியலால் முடியாது. வேதி மாற்றத்தில் அணுக்கள் கைமாறிச் சேர்கின்றன, அவ்வளவுதான். செம்பு அணு செம்பு அணுவாகவே இருக்கும். ஆனாலும் சொல்லின் கரு சரியானது: வேறு பொருள் ஆயிற்றா?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "பழைய நிலைக்குத் திரும்புமா?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். அங்கேதான் குழப்பம். அரைத்த மாவு மறுபடி அரிசி ஆகாது; ஆனால் அது இயற்பியல் மாற்றம்தான். சுண்ணாம்பைப் பாருங்கள். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. தண்ணீர் விட்டதும் கொதித்து, புகைந்து, பொடியாக உதிர்கிறது, நீற்றுதல் என்கிறோம். சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல வாங்கி, கிளிஞ்சலில் இருந்த அதே கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. மூன்றும் வேதி மாற்றங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியும் வந்துவிட்டது!

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? 'வேதியியல் மாற்றம்' பாடநூலில் இருக்கிறது, தவறில்லை. ஆனால் வேதியியல் என்பது துறையின் பெயர். வேதிவினை, வேதிப்பொருள் என்று சொல்லும்போது 'வேதி மாற்றம்' என்றே சொல்லலாம். இயற்பியல் மாற்றத்துக்கு அப்படி ஒரு சிறு சொல் கிடைக்கவில்லை. 'நிலை மாற்றம்' என்றால் உருகுதலும் உறைதலும் அடங்கும். மாவு அரைப்பது அடங்காது. அதனால் இயற்பியல் மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.