கிறிஸ்துமஸுக்குத் தந்தை எதற்கு?

அக்கா மகளுக்கு எட்டு வயது. போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள், "கிறிஸ்துமஸ் தந்தை நள்ளிரவில் வந்து பரிசுகளை வைத்துவிட்டுச் சென்றார்" என்ற வரியில் நின்றுவிட்டாள். "மாமா, தந்தைன்னா அப்பாதானே? அப்போ அப்பாதான் வைக்கிறாரா?" காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வீடே வருஷக்கணக்காகக் கட்டிக்காத்த ரகசியத்தை ஒற்றைச் சொல்லில் போட்டு உடைத்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர். அச்சுப்பிழை என்று சொல்லி, பென்சிலால் அடித்துத் 'தாத்தா' என்று எழுதிக் கொடுத்தேன். நான் சொன்னது பொய்தான், ஆனால் திருத்தம் சரி.

'சாண்டா கிளாஸ்' என்ற சொல்லின் கதை சின்னது. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரின் ஆயர் (பிஷப்) நிக்கோலஸ். அவர் பெயர் டச்சுக்காரர் வாயில் சின்டர்கிளாஸ் ஆகி, அமெரிக்கா போய்ச் சாண்டா கிளாஸ் ஆனது. (சிலர் 'சாந்தா கிளாஸ்' என்று எழுதுகிறார்கள். சாந்தா டீச்சர் டியூஷன் எடுப்பதுபோல் இருக்கிறது.)

'தந்தை' வந்த வழி வேறு. இங்கிலாந்தில் ஃபாதர் கிறிஸ்துமஸ் என்று ஒருவர் தனியாக இருந்தார். பரிசு தருவது முதலில் அவர் வேலையே அல்ல. விருந்துக்கும் கொண்டாட்டத்துக்கும் ஓர் உருவம், அவ்வளவுதான். விக்டோரியா காலத்தில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். அந்த ஃபாதர் பெற்றவர் அல்ல, வயதானவருக்குத் தரும் மரியாதை. முன்பின் தெரியாத ஒருவர் நரைத்த தாடியோடு தெருவில் வந்தால் நாம் தந்தையே என்றா கூப்பிடுகிறோம்? 'தந்தை' என்றால் நமக்குப் பெற்ற அப்பா, இல்லையென்றால் கோயிலில் பூசை வைக்கும் அருட்தந்தை. தந்தை பெரியாருக்குத் தாடி பொருந்தும், ஆனால் இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற அவர் வரமாட்டார்.

1897இல் நியூயார்க்கில் வர்ஜீனியா என்ற எட்டு வயதுச் சிறுமி, சாண்டா உண்டா என்று அப்பாவைக் கேட்டாள். அவர் நழுவி, 'சன்' பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். செப்டம்பர் 21 அன்று அது தலையங்கப் பக்கத்திலேயே 'உண்டு' என்றது. இதை நம் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்தால், "கிறிஸ்துமஸ் தந்தை உண்டா என்று தந்தையிடம் வினவினாள்" என்று எழுதி, நழுவிய மனிதரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்திருப்பார்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'கிறித்துப் பிறப்பு விழா முதியவர்' என்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு வரிசையில் நிற்பவர்போல் இல்லை?

ரஷ்யர்களுக்கும் அவர் உறைபனித் தாத்தாதான். இலங்கையில் நத்தார் தாத்தா. நத்தார், போர்த்துகீசிய 'நத்தால்' வழி வந்தது. அகராதியைத் திறக்கும் முன் டிசம்பரில் ஒரு ராத்திரி கேரல் பாடும் குழு வரும் தெருவில் நின்று பார்க்கலாம். முகமூடியும் சிவப்பு அங்கியுமாக ஆடிக்கொண்டு மிட்டாய் வீசுபவரைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கத்துகிறார்கள் என்று கேட்கலாம். போன வருஷம் எங்கள் தெருவில் ஆடியவர் கையில் இருந்த வாட்ச் எதிர்வீட்டு அண்ணனுடையது என்று அக்கா மகள் கண்டுபிடித்துவிட்டாள். என் அம்மா சட்டென்று சொன்னார்: "தாத்தா அவன்கிட்ட இரவல் வாங்கியிருப்பாரு."