பரவல் மாசு: வாய் இல்லாத கழிவு

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் மதகைத் தாண்டியதும் வெண்ணுரை பொங்கும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சிறுபிள்ளைகூடப் பெங்களூரு இருக்கும் திசையைக் காட்டும். சாக்கடையும் ஆலைக் கழிவும் ஆற்றில் விழும் இடத்தை விரல் நீட்டிச் சொல்லிவிடலாம். சட்டமொழியில் அது ‘பாயின்ட் சோர்ஸ்’. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்குத் தூவிய யூரியா மழையில் கரைந்து ஓடைக்கும் கிணற்றுக்கும் போவதற்கு அப்படி ஒரு வாய் கிடையாது. அதுதான் ‘நான்-பாயின்ட் சோர்ஸ்’, அல்லது ‘டிஃப்யூஸ் பொல்யூஷன்’.

டிஃப்யூஸ் லத்தீன் வழிவந்த சொல். ‘டிஸ்’ என்றால் பல பக்கமாக, ‘ஃபுந்தெரே’ என்றால் ஊற்றுதல். அமெரிக்காவின் 1972 தூய நீர்ச் சட்டம் குழாய் வழியே கழிவு விடுவோரை அனுமதி வாங்கச் சொன்னது. வயலிலிருந்து வடியும் பாசன நீருக்கோ 1977 திருத்தத்தில் விலக்கு தந்தது.

தமிழில் இதைப் ‘புள்ளியற்ற மூல மாசு’ என்று எழுதுவோர் உண்டு. மாசு என்றாலே கறைதானே, புள்ளி இல்லாத கறை எது? ‘பரவல் மாசு’ என்பதே பொருத்தம். ஊற்றிப் பரவும் லத்தீன் பொருளும் அதில் அடங்கிவிடுகிறது.

ஆனால் சிக்கல் ‘பரவல்’ என்ற சொல்லில் இல்லை, ‘மாசு’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் மாசுக்கு அழுக்கு என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். மாசற்றவர் என்றால் குளித்தவர் என்றா கொள்கிறோம்? கிருஷ்ணகிரி அருகே ஓர் உழவர் கூட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். “உங்கள் வயலால் நீர் மாசுபடுகிறது” என்று பேச்சாளர் தொடங்கியதும் முன்வரிசை முகங்கள் இறுகிவிட்டன. அவரே பிறகு கணக்கைச் சொன்னார்: 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம், ஏறத்தாழ 21 கிலோ, பயிர் எடுத்ததுபோக மிஞ்சியதில் ஒரு பங்கு நைட்ரேட்டாகிக் கிணற்றில் இறங்கும், குடிநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், நிறமோ மணமோ இல்லை, காய்ச்சினாலும் போகாது. தன் கிணற்று நீரை எங்கே கொடுத்துச் சோதிப்பது என்று ஒரு பெண் எழுந்து கேட்டார்.

சிறு, குறு உழவருக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தில் நூறு சதவீத மானியம் உண்டு என்றபோது தலைகள் ஆடின. சத்து மெல்ல வெளிப்படட்டும் என்று 2015 முதல் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருவதைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை. உர அளவுக்குக் கட்டுப்பாடு என்ற பேச்சு வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “நுரையை முதலில் நிறுத்துங்கள், அப்புறம் எங்கள் வரப்புக்கு வரலாம்” என்றார். பேச்சாளர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.