டெலிநோவெலா வில்லிய முதல் சீன்லயே கண்டுபிடிச்சிடலாம், ஹீரோவத்தான் பிடிபடாது

டெலிநோவெலாவுல, அதாவது லத்தீன் அமெரிக்க டிவி சீரியல்ல, வில்லி யாருன்னு கண்டுபிடிக்க ஸ்பானிஷ் தெரியணும்னு அவசியமே இல்லீங்க. கேமரா முகத்துக்கிட்ட போகும், ஒரு புருவம் மட்டும் மேல ஏறும், பின்னாடி வயலின் இழுப்பாங்க, முடிஞ்சது. நான் குடும்பநல ஆலோசகர், நாள் பூரா புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்து கேட்டுட்டு ராத்திரி சப்டைட்டில் போட்டு மெக்சிகோ, கொலம்பியா சீரியல் பாக்குற ஆளு, கூட வேலை பாக்குறவங்க "இது போதாதா உனக்கு, வீட்டுக்குப் போயும் அதேவா"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆனா இந்த சீரியல்ல யார முதல்ல நல்லவங்கன்னு நம்பிடுறோம், யார கெட்டவங்கன்னு ஒதுக்கிடுறோம்ங்கறதுக்கும் என்கிட்ட வர்றவங்க சொல்ற கதைக்கும் நிறைய சம்பந்தம் இருக்கு, அதப் பத்தித்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல கத்தலீனா க்ரீல். 1986-ல மெக்சிகோவுல டெலிவிசா போட்ட 'குனா தெ லோபோஸ்', மரியா ரூபியோ நடிச்சாங்க. ஒரு கண்ண மூடுற மாதிரி ஒரு பட்டி, அதுவும் போடுற டிரஸ்ஸுக்கு மேட்ச்சா கலர் மாறும். பாத்த உடனே நமக்கு வில்லின்னு தெரிஞ்சிடுது (உடம்புல குறை இருந்தா கெட்டவங்கன்னு காட்டுற இந்தப் பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்காது, அது தனிக் கதை). ஆனா அந்த வீட்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு அதே பட்டி வேற மாதிரி தெரியுது. சின்ன வயசுல அவளோட மூத்தாள் மகன் ஹோசே கார்லோஸ் பம்பரம் விளையாடினதுல தன் கண்ணு போச்சுன்னு சொல்லியே அந்தப் பையன வளர்த்திருக்கா, அவன் வாழ்க்கை முழுக்க குற்ற உணர்ச்சியோட அம்மா முன்னாடி தலையக் குனிஞ்சே நிக்கிறான். கண்ணுக்கு ஒண்ணுமே ஆகலைங்கறதுதான் விஷயம், அது புருஷனுக்குத் தெரிய வந்ததும் அவருக்கு விஷம் வச்சிடுறா.

விஷத்த விடுங்க, அது சீரியல். அந்தப் பட்டி இருக்கே, அது நிறைய வீட்ல இருக்கு. "உன்னாலதான் எனக்கு பிபி வந்துச்சு", "உன்னப் பெத்ததுலதான் என் உடம்பு போச்சு", "நீ அன்னிக்கு அப்படிப் பேசினதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல". நாப்பது வயசு ஆள் என் முன்னாடி உக்காந்து அம்மாவக் கேக்காம ஒரு முடிவு எடுக்க முடியலைன்னு அழுவார், என்னங்க தப்பு பண்ணீங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது, ஏதோ தப்பு பண்ணிட்டோம்ங்கறது மட்டும் உடம்புல ஊறியிருக்கும். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அந்த அம்மா பாவம், பையன் கல்நெஞ்சக்காரன்.

அடுத்து 1998-ல வந்த 'லா உசுர்பதோரா'. கப்ரியேலா ஸ்பானிக் ரெண்டு வேஷம், பணக்காரி பாவோலா, கான்கூன்ல கழிவறைய பாத்துக்குற வேலை செய்யுற ஏழை பவுலீனா, அச்சு அசல் ஒரே முகம். பாவோலா திருட்டுப் பழி போட்டு மிரட்டி தன் இடத்துல அவள உக்கார வச்சுட்டு ஊர் சுத்தப் போயிடுறா. ஒரே முகம்தானே, ஆனா அந்த வீட்ல இருக்குறவங்க கொஞ்சம் கொஞ்சமா பாவோலா மாறிட்டாளேன்னு பேச ஆரம்பிக்கிறாங்க. எதை வச்சு? வேலைக்காரங்கள எப்படிக் கூப்பிடுறா, குழந்தைங்கள எப்படிப் பாத்துக்குறா, குடிக்கு அடிமையான பாட்டி பியதாத்கிட்ட எப்படி நடந்துக்குறா. பாவோலா பாட்டிக்குக் குடிக்கக் குடுத்தே கைக்குள்ள வச்சிருந்தவ, பவுலீனா அதுல இருந்து வெளிய கொண்டு வர்றா. (இடைல ஒண்ணு சொல்லிடுறேன், ரொம்ப வருஷமா தினமும் குடிக்கிற ஒருத்தர வீட்லயே பூட்டி வச்சு திடீர்னு நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் மேற்பார்வைல மட்டும்தான் நிறுத்தணும்.) முகம் ஒண்ணா இருக்குறதால நடத்தைய மட்டும் பாக்க வேண்டிய நிலைமை அந்த வீட்டுக்கு, நமக்கு அந்த வசதி வாழ்க்கைல கிடைக்கிறதில்ல.

இப்ப ஹீரோக்களுக்கு வர்றேன், எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் இதுதான். 'மரியா லா தெல் பாரியோ', 1995, தாலியா குப்பை பொறுக்குற பொண்ணா வருவாங்க. அதுல சொராயாங்கற வில்லி சக்கர நாற்காலிப் பொண்ணப் பாத்து கத்துற சீன் இன்னிக்கும் மீமா சுத்துது, எல்லாருக்கும் சொராயாவத் தெரியும். ஆனா ஹீரோ லூயிஸ் ஃபெர்னாண்டோவ யாரும் அந்த மாதிரி ஞாபகம் வச்சுக்கல. காதல் தோல்வில குடிச்சுட்டுக் கிடந்தவன், பொண்ணுங்க மேல இருக்குற கடுப்ப இந்த மரியாகிட்ட தீத்துக்கலாம்னு விளையாட்டா ஆரம்பிக்கிறான். கல்யாணத்துக்கு அப்புறம் தம்பி கூட சேத்து சந்தேகப்பட்டு, வயித்துல இருக்குற குழந்தையே தன்னோடது இல்லன்னு முடிவு பண்ணி விட்டுட்டுப் போயிடுறான், அவ புத்தி பேதலிச்சு பெத்த பிள்ளைய லாட்டரி சீட்டு விக்குற அம்மாகிட்ட குடுத்துடுறா. சொராயாவோட சூழ்ச்சி இதுல இருக்குறது நிஜம், ஆனா பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம கிளம்பினது யாரு? அதுக்கு வயலின் வாசிக்கல, சோகமா கிட்டார்தான் வாசிக்கிறாங்க.

இதவிட சுவாரஸ்யமான கேஸ் அர்மாந்தோ மெந்தோசா. ஃபெர்னாந்தோ கைத்தான் எழுதி கொலம்பியாவுல 1999 கடைசில ஆரம்பிச்சு 2001 வரைக்கும் ஓடின 'யோ சோய் பெத்தி, லா ஃபேயா', ஹிந்தில 2003-ல சோனில ஜஸ்ஸின்னு வந்துச்சே, அதோட ஒரிஜினல். அர்மாந்தோவ நமக்கு எப்படி அறிமுகம் பண்றாங்கன்னு பாருங்க, அழகு, சுறுசுறுப்பு, ஈகோமோதா கம்பெனிக்கு பிரசிடென்ட், அழகில்லன்னு யாருமே வேலை குடுக்காத ஹீரோயின் பெத்திக்கு வேலை குடுத்தவர். கத்துறது, பொருள அடிக்கிறது, கல்யாணம் நிச்சயமான பொண்ண ஏமாத்துறது எல்லாம் அப்புறம்தான் வருது, அதுவும் காமெடியா. பெத்திய உக்கார வச்சது ஜன்னல் கூட இல்லாத ஒரு பொந்துல, அத நாம கவனிக்கறதே இல்ல.

சாலமன் ஆஷ்னு ஒரு உளவியலாளர் 1946-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். ஒரு ஆளப் பத்தி புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை சொல்றவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்னு ஒரு குழுவுக்கு வாசிச்சாங்க, இன்னொரு குழுவுக்கு அதே ஆறையும் கடைசில இருந்து முதலுக்கு. முதல் குழு திறமையான ஆளு, சின்னச் சின்ன குறை இருக்குன்னுச்சு, ரெண்டாவது குழு பிரச்சனையான ஆளு, அதனால திறமை வெளிய வரலைன்னுச்சு. முதல்ல கேட்டது பின்னாடி கேக்குறதுக்கெல்லாம் சாயம் பூசிடுது. அர்மாந்தோவோட முதல் சீன்ல அவர் ஒரு பொண்ண பாத்து கத்தியிருந்தா அடுத்த முன்னூத்திச் சொச்சம் எபிசோடும் நாம அவர வேற மாதிரி பாத்திருப்போம்.

அதே அர்மாந்தோதான், தன் கம்பெனி கடன்ல சிக்கி, பெத்தி பேர்ல இருக்குற தெர்ராமோதாங்கற இன்னொரு கம்பெனி கைல மாட்டினதும், நண்பன் மாரியோ யோசனைப்படி அவள காதலிக்கிற மாதிரி நடிக்கிறார், வெளிய யாரும் பாத்துடக் கூடாதுன்னு ஒளிச்சு வைக்கிறார், அதே சமயம் அவளோட நண்பன் நிக்கோலாஸ் மேல பொறாமைப்பட்டு குடிச்சுட்டு சண்டைக்குப் போறார். என்னென்ன செய்யணும்னு மாரியோ எழுதின லெட்டர் பெத்தி கைல கிடைக்கிற எபிசோடுல நானும் அழுதேன், ஒத்துக்குறேன். அப்புறம் நிஜமாவே காதல் வந்துடுச்சு, கல்யாணம், சுபம். பொறாமைப்பட்டதே காதலுக்கு சாட்சின்னு ஆயிடுச்சு.

என்கிட்ட வர்ற பொண்ணுங்க ஆரம்பத்துல இதையே பெருமையாத்தான் சொல்வாங்க, "அவரு ரொம்ப பொசசிவ் மேடம், நான் யார்கிட்ட பேசினாலும் தாங்க மாட்டாரு". கொஞ்ச நாள்ல அது போன் பாஸ்வேர்டு கேக்குறது, லைவ் லொக்கேஷன், அக்கா வீட்டுக்குப் போகக் கூடாது, ஏடிஎம் கார்டு அவர்கிட்டன்னு போகும். அடி விழுந்தா மறுநாள் பூ, அல்வா, அழுகை, மன்னிப்பு. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-லயே இந்த சுழற்சிய எழுதி வச்சிருக்காங்க, இறுக்கம், வெடிப்பு, அப்புறம் தேன் மாதிரி ஒரு காலம், எல்லா வீட்லயும் இதே வரிசைல வரும்னு இல்ல, ஆனா அந்தத் தேன் காலத்தப் பாத்துத்தான் "அவரு மாறிட்டாரு"ன்னு குடுத்த புகாரத் திரும்ப வாங்கிட்டுப் போறவங்க நிறைய. ஆம்பளைங்களும் வர்றாங்க, பாவோலா மாதிரி ஒருத்திகிட்ட மாட்டிக்கிட்டு வெளிய சொல்ல வெக்கப்பட்டு வாய மூடிட்டு இருந்தவங்க, எண்ணிக்கைல குறைவு, வலி குறைவு இல்ல.

அதனால மாப்பிள்ளை, பொண்ணு பாக்குறவங்களுக்கும் காதலிக்கிறவங்களுக்கும் நான் சொல்றது, மொத சந்திப்புல வர்ற நல்ல அபிப்பிராயத்த தப்புன்னு சொல்லல, அதுக்கு மேல சிலதப் பாருங்க. நீங்க ஒரு சின்ன விஷயத்துக்கு "வேண்டாம்"னு சொன்னா என்ன ஆகுது? சாப்பிட எங்க போறதுங்கற மாதிரி சின்ன விஷயம் போதும். முகம் தூக்கி ரெண்டு நாள் பேசாம இருந்தா குறிச்சு வச்சுக்கோங்க. பில் தப்பாப் போட்ட ஹோட்டல் பையன்கிட்ட எப்படிப் பேசுறாங்க, பழைய காதலி எல்லாருமே பைத்தியம்னு சொல்றாங்களா, மன்னிப்பு கேட்டதுக்கு அப்புறம் அடுத்த மாசம் என்ன மாறியிருக்கு. வீட்ல இருக்குற பெரியவங்க "கோவம் இருக்குற இடத்துலதான் குணம் இருக்கும்"னு சொல்றத தயவுசெஞ்சு நிறுத்துங்க, அந்த ஒரு வரியால உள்ளயே கிடந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

2024-ல பெத்தி கதைய பிரைம் வீடியோவுல திரும்ப ஆரம்பிச்சாங்க, அதுல பெத்தியும் அர்மாந்தோவும் பிரிஞ்சு வாழுறாங்க, வளர்ந்த பொண்ணு ஒருத்தி இருக்கா. ஐயோ எங்க ஜோடிய பிரிச்சுட்டாங்களேன்னு ரசிகர்கள் புலம்பலாம், எனக்கு ஆச்சரியமே இல்ல.

வீட்ல இந்த மாதிரி ஏதாவது நடக்குதுன்னா பெண்கள் 181-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்ல, கூப்பிட்ட உடனே கேஸ் போடணும்னு கட்டாயமும் இல்ல, என்ன பண்ணலாம்னு கேக்குறதுக்குக் கூட கூப்பிடலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல அடி மட்டும் இல்ல, பணத்தத் தடுக்குறது, கேவலமாப் பேசுறதும் வன்முறைதான், மாவட்டத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, அவங்ககிட்ட நேராப் போயும் மனு குடுக்கலாம். உடனடியா உயிருக்கு ஆபத்துன்னா 112.