ஆசிரியர் வேலைக்குத் தமிழ் வழிச் சான்று: எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய், தமிழ் வழியில் படித்ததற்கான சான்று என்ற ஒரே ஒரு காகிதம் இல்லாமல் திரும்பி வந்தவர்களை மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். எல்லாருமே ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தவர்கள். யாருக்காகத் தமிழ் வழி ஒதுக்கீடு வந்ததோ அவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20% இடம் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம். பொதுப் பிரிவு, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இந்த 20% உண்டு. முன்பு பட்டப்படிப்பு தமிழ் வழியில் இருந்தால் போதும் என்று ஓடியது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். அதாவது ஒன்றாம் வகுப்பில் தொடங்கி பிளஸ் டூ, பட்டம், பி.எட். வரை எங்கும் இடைவெளி விழக்கூடாது.

அதிகம் பேர் விழுவது கல்லூரியில். "பரீட்சையைத் தமிழில்தான் எழுதினேன்" என்பார்கள். செல்லாது. நீங்கள் சேர்ந்த பிரிவின் பயிற்று மொழி தமிழாக இருக்க வேண்டும். ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்து, வாத்தியார் தமிழில் நடத்தி, நீங்களும் தமிழில் எழுதியிருந்தாலும் ஏட்டில் ஆங்கில வழிதான். பள்ளிக்கே போகாமல் தனித்தேர்வராக எழுதியதற்கும் இதே கதிதான். அரசுப் பள்ளிகளிலேயே இப்போது ஆங்கில வழி வகுப்புகள் இருப்பதால், "அரசுப் பள்ளியில் படித்தேன்" என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

அடுத்த தொல்லை, சான்று தர வேண்டியவர் யார் என்பது. படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஐந்தாவது வரை ஒரு பள்ளி, பத்தாவது வரை இன்னொன்று என்றால் இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் போக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் கடைசியில் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத்தான் புரட்டுவார்கள். அது பீரோவில் எங்கேயோ இருக்கும், சாவி வேறு யாரிடமோ இருக்கும். பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு எந்தப் பள்ளிக்குப் போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

கள்ளர் சமூகத்தினருக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்தவர்களைக் கல்வி அலுவலகத்தில் "அது எங்க பள்ளி இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பள்ளிகளுக்கு நிர்வாகம் தனி, அதன் இணை இயக்குநர் அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரைப் பாருங்கள். இதை முதல் நாளே ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு பஸ் காசு மிஞ்சியிருக்கும்!

டி.சி.யில் "பயிற்று மொழி: தமிழ்" என்று இருக்கிறதே, போதாதா? அதை நம்பி உட்கார வேண்டாம். அறிவிக்கையோடு வரும் படிவத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் அதிலேயே வாங்குங்கள். எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வி ஆண்டுகள், கையெழுத்து, பதவி முத்திரை, தேதி எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். சீல் இல்லாத காகிதத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த முறை போகும்போது அந்தத் தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார்.

சாதிச் சான்றிலும் ஒரு கண் வையுங்கள். கல்யாணமான பெண்களின் சான்று தகப்பனார் பெயரில்தான் இருக்க வேண்டும். கணவர் பெயரில் இருந்தால் தள்ளிவிடுவார்கள். பிரமலைக் கள்ளர் போன்ற சீர்மரபினருக்கு 2019இல் மாநிலத்துக்கு டி.என்.சி. (சீர்மரபினர் வகுப்பு), மத்திய அரசுக்கு டி.என்.டி. (சீர்மரபினப் பழங்குடி) என்று இரட்டைச் சான்று வந்தது; 2024இல் இதை ஒரே சான்றாக்குவதாக அரசு அறிவித்தது. உங்கள் கையில் இருப்பது எது என்று பார்த்து, வாரியத்தின் அறிவிக்கை கேட்பதையே கொடுங்கள்.

அப்புறம், இணையத்தில் விண்ணப்பிக்கும்போது "தமிழ் வழியில் படித்தவரா?" என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் "இல்லை" என்று தட்டிவிட்டால், எல்லாச் சான்றும் கையில் இருந்தும் அந்த ஒதுக்கீட்டைப் பிறகு கேட்க முடியாது. அறிவிக்கை வந்தபின் ஓடினால் ஒரே வாரத்தில் எல்லாப் பள்ளியிலும் கூட்டம் நிற்கும். பி.எட். முடித்த கையோடு ஒன்றாம் வகுப்புச் சான்றிலிருந்து தொடங்கிவிடுங்கள்.