தட்டைத் தட்டிப் பார்த்தால் போதாது

சளி என்று ஏழு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டிலிருந்து ஓர் ஆயா வந்தார், கூடவே குழந்தையின் அம்மாவும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று கேட்டேன். "நல்லா கேக்குது டாக்டர், தட்டைத் தட்டுனா உடனே திரும்புவான்" என்ற ஆயா, என் மேஜையில் இருந்த எவர்சில்வர் டிரேயைத் தட்டியும் காட்டினார். பையன் திரும்பினான்.

எனக்குச் சந்தேகம் போகவில்லை. ஆயாவின் கை வீசியது அவன் கண்ணில் பட்டிருந்தது. அம்மா மடியில் உட்காரவைத்து, எதிரே பொம்மையைக் காட்டச் சொல்லிவிட்டு, முதுகுப் பக்கம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். அவன் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா (BERA) பரிசோதனையில் இரண்டு காதிலும் குறை இருப்பது தெரிந்தது.

"ங்கா சொல்றானே!" என்று அம்மா அழுதார். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ங்கா சொல்லும். ஆறு மாதத்துக்குமேல் வரவேண்டிய 'பாபா', 'தத்தத்தா'தான் தள்ளிப்போகும்.

பிறந்த குழந்தைக்கு 20–30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெரியும், பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். காதோ வயிற்றுக்குள்ளேயே, ஆறாம் மாத வாக்கில் வேலையைத் தொடங்கிவிடும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், அம்மா குரல் கேட்கும்படி ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் 1980-ல் காட்டினார்கள். 'பத்து'வில் வரும் த, 'பட்டு'வில் வரும் ட போன்ற இந்தி ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் பிரித்தறிகின்றன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. இது வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-ல் கண்டது. காதில் விழுந்துகொண்டே இருப்பதைத்தான் மூளை வைத்துக்கொள்கிறது. முதல் வருடத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்க்கும் ஓ.ஏ.இ. (OAE) பரிசோதனைக்கு ஊசி கிடையாது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு அடைப்பான் வைப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் இதைச் செய்து, குறை என்றால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, பல நாள் ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தை, சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தை என்றால் முதல் டெஸ்ட் பாஸ் ஆனாலும் டாக்டரிடம் கேட்டு மறுபடி பாருங்கள்.

சரி, உங்கள் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். காது டெஸ்ட் செய்ததாக எழுதியில்லை என்றால், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.